பெட்டியின் முதுகு

தச்சர் இறந்த பதினேழாம் நாள் மாலை ஆறரை மணிக்கு, தான் கடைசியாகச் செய்த டெலிவிஷன் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்தார். சட்டையில் மரத்தூள் இருந்தது. எதிரே இருந்த மனைவியை நலம்கூட விசாரிக்காமல், "பெட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார். தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செய்தி நேரத்தில்தான் வரவேண்டுமா என்பது மட்டும் சிலருக்குக் குறையாக இருந்தது.

டெலிவிஷன் கம்பெனிக்கு மரப்பெட்டி செய்வது அவர் வேலை, பாலிஷ் போடுவது மனைவியின் வேலை. இந்த ஒன்றை மட்டும் வீட்டுக்கென்று தன் இஷ்டப்படி செய்தார். நான்கு சாய்ந்த கால்கள், திரைக்கு மடக்குக் கதவு, கதவில் செதுக்கிய பூ. அவள் கருத்தைக் கேட்டபோது, "பாலிஷ் காயட்டும், சொல்றேன்" என்றாள். காய்வதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது கேட்கவும் உள்ளதைச் சொன்னாள். "கால் குச்சி குச்சியா இருக்குங்க. அந்தப் பூ எதுக்கு?" அவர் தலையாட்டினார். திரையில் அவர் படம் நாலு பக்கமும் ஒரு நூலிழை சுருங்கியது. அவர் தினமும் கேட்டார், அவளும் தினமும் சொன்னாள். மழைக்காலத்துக்குள் உள்ளங்கை அளவானார், அடுத்த வருஷம் நகத்தளவு. "நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னம்மா?" என்று மகள் அழுதாள். ஒருநாள் மனைவி அப்படிச் சொல்லியும் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஒன்பது நாள் வரவில்லை. மரத்தைப் பற்றி அவள் பொய் சொன்னால் அவருக்குத் தெரியாதா? அவர் ஒரேயடியாகப் போய்விடுவாரோ என்று பயந்தாள்.

அவர் கடுகளவு புள்ளியாக இருந்த ஒரு மாலை, ஒயரைச் சரிசெய்யப் பெட்டியைத் திருப்பினாள். பின்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். கம்பெனிப் பெட்டிகளில் அந்தப் பக்கம் சிலாம்பும் ஆணியுமாக இருக்கும், துடைக்கும்போதெல்லாம் அவள் விரலைக் கிழிக்கும். இதில் சூடு வெளியேறும் துளைகள் நூற்றுப்பன்னிரண்டு. ஒவ்வொன்றின் விளிம்பையும் அவர் உப்புத்தாளால் மழுக்கியிருந்தார். சுவரைப் பார்த்து நிற்கும் பலகை அது. அவள் விரல் தவிர வேறு விரல் அங்கே போகப்போவதில்லை. எல்லாத் துளையையும் தடவிப் பார்த்தாள். அழுதாள்.

"பின்பக்கம் நல்லா இருக்குங்க," என்றாள். "இவ்வளவு நல்ல பின்பக்கத்தை நான் பார்த்ததில்ல."

மறுபக்கம் திரை நிறைந்து சுவர் முழுக்க வெளிச்சம் விழுந்தது.

அன்றிலிருந்து படம் சுருங்கவில்லை. கூடத்தின் நடுவில், வாசலுக்கு முதுகைக் காட்டிப் பெட்டி நிற்கிறது. ஆறரைக்கு அவர் வருகிறார், செய்தி வேண்டியவர்கள் பக்கத்து வீட்டுக்குப் போகிறார்கள். கால்கள் குச்சி என்ற கருத்தை அவள் மாற்றிக்கொள்ளவில்லை. அவரும் இப்போது கேட்பதில்லை.