இரண்டு பச்சை

ஞாயிறு பூசை முடிந்து வந்து, ஆட்டுக்கறியை இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டுவிட்டு டனிஸ்ரன் படியிறங்கிப் போன பிறகுதான், அவனுடைய அக்கா செலீன் கதிரையில் ஏறிக் குசினி பல்பை மாற்றினாள். பழையது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் மின்சாரம் மிச்சம் என்று மொன்றியல் முழுக்கச் சுருள் பல்புக்கு மாறிக்கொண்டிருந்த வருடம் அது. செலீன் மட்டும் பின்னுக்கு நிற்பாளா? லைற் ஆளியைப் போட்டதும் யன்னலில்லாத அந்தச் சின்னக் குசினி ஆஸ்பத்திரி விறாந்தைபோல வெளுத்தது. மேசையில் அவளுடைய புருசன் அருமைராசா தன் வட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

வட்டு என்பது செலீன் வைத்த பெயர். காசினோக்களில் காசுக்குப் பதிலாக மேசையில் வைக்கிற சிப்தான் அது. டோர்வல் விமான நிலையத்தில் விமானம் துப்புரவாக்குகிற வேலை அவருக்கு. லாஸ் வேகாஸிலிருந்து வந்த விமானமொன்றின் ஆசனப் பைக்குள் கிடந்ததை மேற்பார்வையாளன் “நீயே வைத்துக்கொள்” என்று கொடுத்ததில் பிடித்த பைத்தியம். மற்றவர்கள் முத்திரை சேர்ப்பதில்லையா, இவர் சிப் சேர்த்தார். எந்த ஊர்க் காசினோ என்பதெல்லாம் அவருக்குப் பெரிதில்லை. நிறம் வேண்டும். விளிம்பில் வேறு நிறத்தில் பதித்திருக்கிற பொட்டுகள் வேண்டும். பொட்டு எத்தனை, எவ்வளவு அகலம், இரண்டுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்து, ஒன்றுக்கொன்று பொருந்துகிற சிப்களை அடுக்கிவைத்துவிட்டால் அன்றைக்கு மனுசனைப் பிடிக்க ஏலாது. எட்டு மணித்தியாலம் மற்றவர்கள் துப்பியதைக் கூட்டி அள்ளிவிட்டு வருகிறவருக்கு அந்த அடுக்கைப் பார்த்தால் நெஞ்சு குளிரும்.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் டனிஸ்ரன் ஒரு பச்சைச் சிப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். விளிம்பில் மூன்று செம்மஞ்சள் பொட்டு. நடுவில் எழுத்துமில்லை, படமுமில்லை. “அத்தான், ஒரு கூட்டாளியின்ரை பெட்டியிலை கொஞ்சம் துலைஞ்சுபோச்சு. இதுக்குச் சோடி பிடிக்கேலுமோ?” என்றான். அருமைராசா அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. மார்கழி வரைக்கும் கொம்பியூட்டரில் தேடி, ஒஹையோவில் யாரோ ஒரு கிழவர் விற்ற பெட்டியில் கண்டுபிடித்தார். பார்சல் வந்ததும் குசினி மேசையில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, தடவி, முகர்ந்தும் பார்த்தார். பச்சைக்குப் பச்சை, பொட்டுக்குப் பொட்டு. “உங்கடை கண்ணுக்கு ஒரு மாலை போடவேணும்” என்றான் டனிஸ்ரன். அந்த வீட்டில் அவரை யாரும் புகழ்ந்து கன காலம். உருகிப்போனார். கூட்டாளி ஆர் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயத்திலேயே கேட்கவில்லை. தன் சேர்க்கைக்கென்று பழையதில் ஒன்றையும் புதியதில் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

பதில் இன்றைக்கு வந்தது. சப்பாத்துக்குள் காலை நுழைத்தபடி, அக்காவுக்குக் கேட்காத குரலில் டனிஸ்ரன் சொன்னான்: “இண்டைக்குத்தான் அத்தான் உங்கடை சிப்புகள் மேசைக்குப் போகுது. உருத்திரமூர்த்தி அண்ணையின்ரை மேசைக்கு.”

உருத்திரமூர்த்திக்கு டவுன்டவுனில் சாப்பாட்டுக்கடை; மேல்மாடியில் ஞாயிறு பின்னேரங்களில் சீட்டாட்டம். அவர் சத்தம்போட்டுக் கதைத்ததை ஒருவரும் கேட்டதில்லை. அங்கே சீட்டு ஒளித்தான் என்று கதைபட்ட கணேசலிங்கம் இரண்டு கையும் முறிந்து மாக்கட்டோடு கோயில் மண்டபத்துக்கு வந்து, ஐசில் வழுக்கினது என்று சொன்னான். அது ஆடி மாதம். எல்லாரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் கள்ளச் சிப்பைக் கலந்து காசாக்கப் போகிறான் மடையன். அதையும் எடுத்துக் கொடுத்தவர் இவர். மறிக்க வாய் திறப்பதற்குள் அவன் இறங்கிப் போய்விட்டான்.

‘நிறம் பொருந்தியிருக்கு, ஒருத்தருக்கும் பிடிபடாது’ என்று தன்னைத் தேற்றத்தான் வட்டுகளைப் பரப்பியிருந்தார். கதிரையிலிருந்து இறங்கிய செலீன் குனிந்து பார்த்தாள்.

“இதென்னப்பா, சோடி எண்டியள்? ஒண்டு கரும்பச்சை, மற்றது நீலம் பாரிச்சுக் கிடக்கு.”

“உனக்கென்ன தெரியும்” என்று சொல்லிக்கொண்டே பார்த்தார். அவள் சொன்னது சரி. ஊத்தையோ என்று துடைத்தார். மாற்றி வைத்தார். விறாந்தை யன்னலடிக்குக் கொண்டு ஓடிப் பார்த்தார். பனி வெளிச்சத்தில் இரண்டும் இன்னும் விலகின, ஒன்றின் பொட்டு செம்மஞ்சள், மற்றதின் பொட்டு அவித்த இறால்போல வெளிறின இளஞ்சிவப்பு. திரும்பி வந்து, பழைய பல்பைப் போடச் சொன்னார். போட்டாள். மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டும் மறுபடி ஒன்றாகின. மாதக்கணக்காக அந்த ஒரு பல்புக்குக் கீழேயே பார்த்திருந்தாரே, அறிவு கெட்ட மனுசன்.

செலீன் அவருடைய முகத்தைப் பார்த்தாள். “இது ஆற்றை?”

சொன்னார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டவில்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. டனிஸ்ரனுக்குப் போன் அடித்தாள், நிற்பாட்டி வைத்திருந்தான். “அவன் என்ரை தம்பி” என்றாள். பிறகு அவருடைய ஜாக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

கோட்-டெ-நெய்ஜில் மெற்றோ ஏறி டவுன்டவுன் போகும்வரை அவருக்கு ஒரே ஒரு யோசனை. அந்த மேல்மாடியில் என்ன வெளிச்சம் எரிகிறது? ரியூப் லைற் என்றால் பெடியன் முடிந்தான். மஞ்சள் பல்ப் என்றால் தப்பினான். மெற்றோப் பெட்டியின் ரியூப் லைற்றில் எல்லாருடைய முகமும் நீலமாக இருந்தது. கையோடு கொண்டுவந்த தன் இரண்டு சிப்பையும் உள்ளங்கையை விரித்து ஒருமுறை பார்த்தார். இரண்டு நிறம். பொத்திக்கொண்டு பொக்கற்றுக்குள் போட்டார். அருள்நிறைந்த மரியே என்று தொடங்கி, பாதியில் விட்டு, மறுபடி தொடங்கினார்.

கடையில் சமையற்காரன் ஒன்றும் கேட்காமல் படியைக் காட்டினான். ஏறிப்போய்க் கதவைத் தள்ளினார். அறை இருட்டு. யன்னல்களுக்குத் தடித்த திரை. மேசைக்கு மேலே தொங்கியது ஒரேயொரு பல்ப், மஞ்சள், அவருடைய குசினியில் எரிந்த அதே பழைய மஞ்சள். கடவுளே, கடவுளே என்று மனதுக்குள் சொன்னார். கண் பழகிய பிறகுதான் தெரிந்தது, ஒருவரும் விளையாடவில்லை. சீட்டுகள் குப்புறக் கிடந்தன. டனிஸ்ரன் இரண்டு கையையும் மேசைமேல் வைத்தபடி, சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைபோல இருந்தான். அத்தானைக் கண்டதும் அவனுடைய வாய் கோணியது.

“வாங்கோ அண்ணை” என்று எழும்பினார் உருத்திரமூர்த்தி. வெள்ளைச் சேட்டு, நெற்றியில் திருநீறு. “தம்பி இப்பதான் உங்களைப் பற்றிச் சொன்னவர். ஆளனுப்புவம் எண்டு இருந்தம். நீங்களாவே வந்திட்டியள்.”

“இல்லை, நான் சும்மா இந்தப் பக்கம்…”

“இருங்கோ.” கதிரையை இழுத்துப் போட்டார். “பெட்டியிலை இருந்த சிப்பைவிட மேசையிலை கூட வந்திட்டுது. நிறம் பாக்கிறதிலை நீங்கள் விண்ணனாம். இதுகளை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.”

இரண்டு சிப்பை அவருடைய உள்ளங்கையில் வைத்தார். அருமைராசா பல்புக்குக் கீழே பிடித்தார். புரட்டினார், விளிம்பைப் பார்த்தார், எடுத்த எடுப்பில் சொன்னதாக இருக்கக்கூடாதென்று இன்னும் ஒருமுறை புரட்டினார். பச்சைக்குப் பச்சை, பொட்டுக்குப் பொட்டு.

“இரண்டும் ஒண்டுதான்” என்றார். அந்த வெளிச்சத்தில் அது பொய்கூட இல்லை.

டனிஸ்ரன் மூச்சு விட்டது கேட்டது.

“எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு” என்றார் உருத்திரமூர்த்தி. “நான் ஊரிலை புடைவைக்கடை வைச்சிருந்தனான், தெரியுமோ? சீலைக்குப் பிளவுஸ் துண்டு எடுக்க வாற பொம்பிளையள் கடைக்குள்ளை சரியெண்டு சொல்லமாட்டினம். இரண்டையும் வாசலுக்குக் கொண்டு போவினம்.”

அவர் அவசரமில்லாமல் யன்னலடிக்கு நடந்தார். அருமைராசாவின் விரல்கள் தாமாகவே மடங்கின.

“கையை விரிச்சு வையுங்கோ அண்ணை.”

விரித்தார். திரைக்கயிறு கரகரவென்று ஓடியது. எதிர்க் கூரைகளில் குவிந்திருந்த பனியில் பட்டுத் தெறித்த வெளிச்சம் நிலத்தில் விழுந்து, மேசையின் விளிம்பில் ஏறி, டனிஸ்ரனின் அசையாத கைகளைக் கடந்து, அவருடைய மணிக்கட்டுக்கு வந்தது.