பன்னிரண்டாவது முதுகு

தையலக்கா தன் புருஷனைத் திட்டாத நாள் அந்தத் தெருவில் விடிந்ததில்லை. புருஷன் வீட்டில் இல்லாதது அவளுக்கு ஒரு பொருட்டே அல்ல. பித்தான் போட்டுவைக்கும் பிஸ்கட் டப்பாவின் மூடியில் அவன் இருந்தான், முதுகைக் காட்டிக்கொண்டு. மெஷினில் ஊசி முறிந்தால் உடனே டப்பாவைத்தான் பார்ப்பாள்.

"உக்காந்துட்டுப் போற சொகுசைப் பாரு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி."

வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் தெரு எப்போதோ ஒரு பெயர் வைத்திருக்கும். அவள் தைத்த சட்டையில் ஒரு நூல் பிசகாது. அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அவள் காதுபட மட்டும்.

மூடியில் இருந்தது ஊரறிந்த ஓவியம். போரில் பாலம் உடைந்து ஊர் எதிரியின் முற்றுகையில் கிடந்தபோது ஆற்றைக் கடந்த கடைசிப் படகு. அதில் போனவர்கள்தான் ஒன்பதாம் நாள் படையோடு திரும்பி வந்து ஊரை மீட்டார்கள். இதைப் பற்றி ஒரு கவிதையும் உண்டு. அதை மனப்பாடம் செய்யாமல் ஒரு பிள்ளையும் ஐந்தாம் வகுப்பைத் தாண்ட முடியாது. கவிதையில் நிலா காய்கிறது. ஓவியத்தில் பொழுது புலர்கிறது. நிஜத்தில் படகு கிளம்பியது மத்தியானம் மூன்றரை மணிக்கு, பிசுபிசுவென்ற தூறலில். கவிஞர் அந்த நேரம் பல்வலியோடு மாமியார் வீட்டு மாடியில் படுத்திருந்தார் என்பது அவருடைய மைத்துனியே சொன்ன தகவல்.

நிலாவும் விடியலும் போகட்டும். கவிதையில் பதினொரு பேர். "கரையில் மிச்சம் ஒருவரும் இல்லை" என்று அது முடிகிறது. ஓவியத்தில் எண்ணினால் பன்னிரண்டு. அந்தப் பதினொரு பேரும் திரும்பி வந்து, பதக்கம் வாங்கி, தொப்பையும் வளர்த்துவிட்டார்கள். அப்படியானால் இடது மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறவன் யார்? பதினொருவரில் ஒருவரான ரொட்டிக்கடைக்காரரிடம் கேட்டால், "படத்துல இருக்கான்னா இருந்திருப்பான்பா. நான் முன்னாடி பாத்துட்டு இருந்தேன்" என்பார்.

தையலக்காவுக்குச் சந்தேகமே இல்லை. அவள் புருஷன் தபால்காரன். பையின் பாரம் இழுத்து இழுத்து அவன் கோட்டே இடது பக்கம் சரிந்துபோயிருந்தது. ஓவியத்திலும் சரிந்திருந்தது. கோட்டின் கழுத்துக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு பட்டை. 'அடிமைப்பட்ட ஊரின் கழுத்தில் நுகத்தடித் தழும்பு' என்று பள்ளிக்கூட நோட்ஸில் விளக்கம் போட்டிருக்கிறார்கள், ஐந்து மதிப்பெண்.

"துணி பத்தலை, ஒட்டுப் போட்டேன்னு எழுதச் சொல்லு" என்பாள் தையலக்கா.

அவள் கணக்கு எளிது. பன்னிரண்டு பேர் போனார்கள், பதினொரு பேர் திரும்பினார்கள். ஒருவன் அக்கரையிலேயே தங்கிவிட்டான். அங்கே அவனுக்கு ஒரு குடும்பமும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதாகத் தெருவே பேசியது. முதலில் சொன்னது யார் என்று கேட்டால் இப்போது ஆளாளுக்கு அடுத்த வீட்டுக் கதவைக் காட்டுகிறார்கள். இவள் வாய்க்குப் பயந்துதான் ஓடினான் என்று பேசியவர்களும் உண்டு.

முப்பதாவது வருடம் ஆற்றங்கரையில் ஒரு கல் நடுவது என்று அரசாங்கம் முடிவு செய்தது. படகில் போனவர்களின் பெயர்களைப் பொறிக்க வேண்டும். நகராட்சிக் குமாஸ்தா கையில் ஃபைலோடு தையலக்காவின் கடைக்கே வந்துவிட்டார்.

"கவிதைப்படி பதினொண்ணு, படத்துப்படி பன்னெண்டு. மேலே இருக்கறவங்க என் உயிரை வாங்கறாங்க. வரைஞ்சவர்கிட்ட ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்கம்மா, உங்க வீட்டுக்காரர் பேரையும் கல்லுல வெட்டிடலாம். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள."

கீழே சலவைக்கடை வைத்திருப்பவள் இஸ்திரிப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு மேலே ஓடி வந்தாள். "அக்கா! நீ இனிமே வீரனோட பொண்டாட்டி!"

"வீரனாவது வெங்காயமாவது. ஓடிப்போனவன்னு கல்லுலயே பதியட்டும். நான்தான் விரட்டினேன்னு பேசின வாயெல்லாம் அதுல முட்டிக்கட்டும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். ஓவியர் புகழ் வந்ததும் தலைநகரத்துக்குப் போய், கை நடுங்க ஆரம்பித்ததும் போன வருடம்தான் ஊர் திரும்பியிருந்தார். மாடியில் தனி அறை. ஜன்னலோரம் காய்ந்து விறைத்த தூரிகைகள், டர்பன்டைன் வாடை, கழுவாத மூன்று டம்ளர்கள். கோட்டு என்றதும் முகத்தைச் சுளித்தார்.

"கறுப்புப் பட்டைக்கு அர்த்தம் கேக்க வந்தீங்களா? எனக்கு ஒரு அர்த்தமும் தெரியாதும்மா. இருந்துச்சு, வரைஞ்சேன்."

"எனக்குத் தெரியும் ஐயா. துணி பத்தலை. ஜன்னல் திரையில மிஞ்சினதை வெட்டி வச்சுத் தைச்சேன்."

ஓவியர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க தைச்சதா அது?"

"நான் தைச்சதுதான். உள்ள இருந்தவனும் என் ஆளுதான். அதை ஒரு தாள்ல எழுதிக் குடுத்தீங்கன்னா கிளம்பிடுவேன்."

"உக்காருங்கம்மா."

"நிக்கறேன், பரவாயில்லை."

"உக்காருங்க."

உட்கார்ந்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் கரைக்குப் போனது படகு போனதற்கு மறுநாள் காலை. படகில் பதினொரு பேருக்குத்தான் இடம் இருந்ததாம். இருபது பேருக்கு மேல் கரையில் நின்றுவிட்டார்கள். பீரங்கிச் சத்தம் கிட்டே வந்ததும், நீந்தத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் கோட்டையும் ஷூவையும் கழற்றி வைத்துவிட்டு ஆற்றில் இறங்கிவிட்டார்கள். ஆற்றில் வெள்ளம்.

"அக்கரையில யாராவது..."

"அடுத்த மாசம் அக்கரைப் படகுக்காரங்ககிட்ட நானே கேட்டேன். ஒருத்தரும் கரையேறலைம்மா. அன்னைக்குக் குளிர் தாங்கலை. அங்க கிடந்ததுல ஒரு கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டேன். படம் போடறப்ப இடது மூலை வெறிச்சோடி இருந்தது. நாற்காலி மேல அந்தக் கோட்டை மாட்டி வச்சு வரைஞ்சேன். கரையில நின்னவங்களையும் வரையத்தான் நினைச்சேன். அதுக்குள்ள கவிதை வந்து, ஒருத்தரும் மிச்சமில்லைன்னு ஊரே பாடுது. படம் கேட்டவங்களும் கரை வேண்டாம்னுட்டாங்க."

"அப்ப தலை?"

"தலை என் மச்சானோடது."

தையலக்காவுக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருடம் யாருடைய மச்சானையோ உட்கார வைத்து வசைபாடியிருக்கிறாள். சிரிக்காமல் கேட்டாள்.

"அந்தக் கோட்டு எப்படிக் கிடந்தது? விசிறி எறிஞ்ச மாதிரியா?"

"இல்ல. மடிச்சு வச்சிருந்தது. கை ரெண்டையும் உள்ள மடக்கி, கடையில மடிப்பாங்களே, அப்படி. காத்துல போயிடாம மேல ஷூ ரெண்டும்."

வீட்டில் அவன் ஒரு நாளும் கோட்டை மடித்ததில்லை. வந்ததும் கழற்றிக் கண்ட இடத்தில் எறிவான். படகு கிளம்பிய அன்று காலையும் அதற்குத்தான் சண்டை. மடிப்பது எப்படி என்று அவன் கையைப் பிடித்து அழுத்திக் காட்டி, போய்த் தொலை என்று அனுப்பிவைத்தவள் அவள்தான்.

ஓவியர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "படகுல இருந்தார்னே எழுதித் தர்றேன். கல்லுல பேர் வந்துட்டுப் போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?"

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அவர் இரண்டு வரி எழுதினால் போதும், அவன் மறுபடியும் நனையாமல் படகில் உட்கார்ந்திருப்பான். நாளைக் காலையில் எழுந்ததும் திட்டலாம்.

"வேண்டாம் ஐயா. அவர் படகுல ஏறலை."

ஐந்து மணிக்குச் சற்று முன்பு குமாஸ்தாவிடம் அதையே சொன்னாள். அவருக்கு மூச்சு வந்தது.

"நல்லதாப் போச்சும்மா. கல்லுல பன்னெண்டாவது வரிக்கு இடமும் இல்ல."

"கரையில நின்னவங்க பேரு?"

"கரையிலயா?" என்றார் அவர், ஃபைலைக் கட்டிக்கொண்டே. "ஒருத்தரும் மிச்சமில்லைன்னுதானே கவிதையில இருக்கு?"

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டாள். சலவைக்கடைக்காரி வாசற்படியில் தயாராக நின்றாள்.

"என்னக்கா, பேரை எழுதியாச்சா?"

"அவர் ஆத்துல போயிட்டார்டி."

"ஐயையோ! எப்போ?"

"முப்பது வருஷம் ஆச்சு."

சலவைக்கடைக்காரிக்கு இதற்கு எப்படித் துக்கம் விசாரிப்பது என்று தெரியவில்லை. உள்ளே வந்து, துணிமூட்டையை நகர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். இந்தத் தெருவுக்கு வந்த பத்து வருடத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து பேசியதெல்லாம் அந்த மனிதனைத் திட்டித்தான். இன்று பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று இருவருக்குமே பிடிபடவில்லை.

"ஆளு எப்படி இருப்பார்க்கா?" என்று கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"இடது தோள் கொஞ்சம் இறங்கினாப்ல..."

"அது படத்துலயே இருக்கே. முகத்தைச் சொல்லு. போட்டோ ஒண்ணும் இல்லையா?"

"போர்ல வீடு எரிஞ்சப்ப எல்லாம் போச்சு."

"சரி, வாயாலயாவது சொல்லேன்."

தையலக்கா வாயைத் திறந்தாள். கழுத்தின் மடிப்பு நினைவுக்கு வந்தது. காதுக்குப் பின்னால் முடி சுருண்டிருக்கும் விதம் வந்தது. பிறகுதான் அது ஓவியரின் மச்சானுடையது என்று உறைத்தது.

"மூக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "இரு, சொல்றேன்."

சலவைக்கடைக்காரி காத்திருந்தாள்.