பாறையில் வெட்டிய ஒன்பது

செபமாலை மேஸ்திரி பாறையில் கோடு வெட்ட ஆரம்பித்த அன்றே எனக்கு அது பிடிக்கவில்லை. வாயைத் திறந்து சொல்லவும் செய்தேன். யார் கேட்டார்கள்? கல்லுடைக்கிற பொம்பளைக்கு நம்பரைப் பற்றி என்ன பேச்சு என்று சிரித்தார்கள்.

இலுப்பூர் ரோட்டுக்கு ஜல்லி எடுத்த பாறை அது. தார் ரோடு வருகிறது என்று ஊரே குதித்துக்கொண்டிருந்த வருஷம், ஐம்பத்தெட்டு. ஆண்கள் பாறையில் குழி அடித்து, மருந்து கெட்டித்து, மேலே களிமண்ணை அடைத்துத் திரி வைத்து வேட்டுப் போடுவார்கள். பெயர்ந்து விழும் கல்லைப் பொம்பளைகள் நாங்கள் கொட்டகையில் உட்கார்ந்து ஜல்லியாக உடைப்போம். என் வீட்டுக்காரர்தான் அங்கே வேட்டுக்காரர். மருந்து வைத்த குழி சில சமயம் திரி எரிந்தும் வெடிக்காமல் கிடக்கும். ஊமைக்குழி என்போம். அதைப்போல ஒரு சனியன் உலகத்திலேயே கிடையாது. செத்துவிட்டதா, தூங்குகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. இரும்பு பட்டுவிட்டால் போச்சு.

எது ஊமை, எது வெறுங்குழி என்று மாறிப்போகக் கூடாதே என்றுதான் மேஸ்திரி குழிக்குக் குழி நம்பர் போட்டார். சுண்ணாம்பில் எழுதினால் மழை கழுவிவிடும், உளியால் வெட்டத்தான் வேண்டும். வழக்கமான நம்பரை வெட்டினால் வளைவில் கல் பெயர்ந்து, மூன்றும் எட்டும் ஒன்றுபோல ஆகிவிடுகிறது.

"எங்க கோயில் கடியாரத்துல ரோமன் நம்பர் இருக்கு. எல்லாம் நேர்கோடு. உளிக்குத் தோது" என்றார் மேஸ்திரி.

கஞ்சி குடிக்கிற நேரத்தில் ஒரு பலகைக்கல்லில் கரியால் எழுதிக் காட்டினார். "ஒரு கோடு ஒண்ணு. கவட்டை மாதிரி போட்டா அஞ்சு. பெருக்கல் குறி பத்து. பத்துக்கு முன்னால ஒரு கோடு போட்டா ஒண்ணு கொறஞ்சு ஒம்பது. பின்னால போட்டா ஒண்ணு கூடிப் பதினொண்ணு."

"அதென்ன மேஸ்திரி, ரெண்டும் ஒரே சாமான்தானே? எடம் மாத்தி வச்சா நம்பர் மாறுமா? இது வெளங்குமா?" என்றேன்.

"வெள்ளைக்காரன் ஊரே அதுலதான் எண்ணுச்சு. ஒனக்கு வெளங்கலைன்னா விடு, அழகி" என்றார்.

எனக்கா விளங்காது? பள்ளிக்கூட வாசலை மிதிக்காத நான்தான் எல்லாருக்கும் முன்னால் அதைப் படித்தேன். என் வீட்டுக்காரர் மணலில் கோடு போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"ஏ புள்ள, நீயா வேட்டுப் போடப் போற?"

"போடுற ஆளு வீட்டுக்குத் திரும்பி வரணும்ல? அதுக்குத்தான்."

அந்தப் பாறையில் பதினொரு குழி. மேஸ்திரி எங்கள் கொட்டகைப் பக்கமாக உட்கார்ந்து, முழ உயரத்துக்கு நம்பரை வெட்டினார். அந்த வாரம் ஒவ்வொன்றாக வேட்டு வைத்தார்கள். என் வீட்டுக்காரர் அவர் அக்கா வீட்டுக் காதுகுத்துக்குப் புதுக்கோட்டை போயிருந்த அன்று, பத்து வரைக்கும் முடித்துவிட்டார்கள். ஒன்பது மட்டும் ஊமை. பதினொன்றுக்கு மருந்தே வைக்கவில்லை. வெடித்த குழியெல்லாம் நம்பரோடு பெயர்ந்துபோய், ஒரு பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டே குழி மிச்சம். அன்று ராத்திரி அடித்த மழையில் இரண்டும் சேற்றால் மூடிக்கொண்டன. எது அடைத்த களிமண், எது மழை கொண்டுவந்த சேறு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

காலையில் மேஸ்திரி வந்து, "ஒம்பதாவது ஊமை, கிட்டப் போகாதீங்க. பதினொண்ணைத் தூரெடுத்து வைங்க, நான் மருந்து வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார்.

எனக்குக் காலையிலிருந்தே மனசு சரியில்லை. ஈரப் பாறை கருகருவென்று கிடந்தது. வழக்கமாக இறங்குகிற சரிவை முந்தின நாள் கல் மூடியிருந்ததால், ராத்திரியே ஊர் திரும்பிவிட்ட என் வீட்டுக்காரர் கண்மாய்ப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு பாறையில் ஏறினார். கொட்டகை மேட்டில் இருந்ததால் எல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு குழியருகே குந்தி, நீளக் கரண்டியால் சேற்றை அள்ளத் தொடங்கினார். அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் நம்பர். முன்னால் கோடு, அப்புறம் பெருக்கல். IX. ஒன்பது!

சுத்தியலைப் போட்டுவிட்டு, கற்குவியலில் விழுந்து எழுந்து ஓடினேன்.

"அது ஒம்பதுங்க! எந்திரிங்க!"

அவர் எழுந்திருக்கவே இல்லை. "இங்கிட்டு வா. என் பக்கத்துல நின்னு படி" என்றார்.

பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். முன்னால் பெருக்கல், அப்புறம் கோடு. XI. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

"என்னா நம்பரு?"

"பதினொண்ணு" என்றேன்.

"போயி ஒன் வேலையப் பாரு."

அவமானத்தில் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினேன். "என்னடி, புருசனுக்கு வாத்தியார் வேலை பாத்துட்டு வாரியா?" என்று எனக்குப் பக்கத்தில் கல்லுடைக்கிற சின்னப்பிள்ளை கேட்க, கொட்டகையே சிரித்தது. உட்கார்ந்து சுத்தியலை எடுத்தேன். எடுத்துவிட்டுப் பாறையைப் பார்த்தேன்.

ஒன்பது.

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா, காத்துக் கருப்பு ஏதும் விளையாடுகிறதா? கரித்துண்டால் ஒரு சில்லில் கோடும் பெருக்கலும் போட்டேன். சில்லு கை தவறி மடியில் விழுந்து தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. என் மடியில் பதினொன்று கிடந்தது. அட பாவி மேஸ்திரி! நம்பர் மாறவில்லை, ஆள் நிற்கிற இடம்தான் மாறியிருக்கிறது. வெட்டியவர் உட்கார்ந்தது எங்கள் பக்கம், என் வீட்டுக்காரர் ஏறியது எதிர்ப்பக்கம். அப்படியானால் என் கண்ணுக்குத் தெரிவதுதான் நிஜம். என் வீட்டுக்காரர் ஊமைக்குழியைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க!" என்று கத்தினேன். அத்தனை சுத்தியல் சத்தத்தில் அது எங்கே கேட்கும்? "ஏங்க! ஏங்க!" தள்ளிக் குழி அடித்துக்கொண்டிருந்த ஆண்களில் இரண்டு மூன்று பேர் நிமிர்ந்தார்கள். எல்லார் பெண்டாட்டியும் ஏங்க என்றுதானே கூப்பிடுகிறாள். நான் கூப்பிட்டவர் நிமிரவில்லை. கரண்டியை வைத்துவிட்டு, ஆள் உயரக் கம்பியைத் தூக்கிச் சேற்றில் ஒரு குத்துக் குத்தினார்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். ரேஷன் கார்டுக்குப் பெயர் கேட்டபோதுகூடச் சின்னப்பிள்ளைதான் எனக்காகச் சொன்னாள்.

"நல்லதம்பீ! டேய் நல்லதம்பீ!"

சுத்தியல்கள் அத்தனையும் நின்றன. அவர் தலை நிமிர்ந்தது. இத்தனை பேர் முன்னால் பெண்டாட்டி பெயர் சொல்லி, டேய் என்றும் கூப்பிட்டுவிட்டாள். முகம் ஜிவுஜிவு என்று சிவக்க, கம்பியைச் சேற்றில் நட்டபடியே விட்டுவிட்டு, கையை ஓங்கிக்கொண்டு கற்குவியலில் ஏறி என்னைப் பார்த்து வந்தார். அடிக்கத்தான் வந்தார். வா சாமி, வந்து என்னைக் கொல்லு, ஆனால் வந்துவிடு என்று நின்றேன். அவர் முதுகுக்குப் பின்னால் அந்தக் கம்பி சேற்றில் மெல்லச் சாய்ந்தது. சாய்ந்து, சட்டென்று உள்ளே இறங்கியது.

ஓங்கிய கையோடு என் காலடியில் வந்து விழுந்தார். முதுகெல்லாம் கல் தைத்திருந்தது. இரண்டு காதிலும் ரத்தம்.

பிழைத்துக்கொண்டார். காதுதான் இரண்டும் போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் எழுந்து உட்கார்ந்த அன்று, தன் சத்தம் தனக்கே கேட்காமல், வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

"ஏண்டி பேரைச் சொல்லிக் கூப்புட்ட?"

அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒன்பது, ஒன்பது என்று அழுதேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.