கேட் அருகே ஒரு கூட்டு முகம்

1

இந்தக் கதை ஒரு பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில், எரிச்சலில் பிறந்தது. என் முறை வருவதாக இல்லை. கையில் கிடைத்த வழவழப்பான மடிப்புத்தாளில், 'பல துறைக் கலைஞர்கள் குடியிருப்பு மக்களோடு கைகோத்து உருவாக்கிய சுவர்' என்று போட்டு, ஒரு முகத்தை அச்சிட்டிருந்தார்கள். அந்தக் கண்ணும் அந்த வாயும் ஒட்டவே இல்லை. சுவருக்குக் கீழே எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள், ஒரு பெண்ணைத் தவிர. மீதியெல்லாம் என் கற்பனை. அவள் வெயிலுக்காகக்கூட முகம் சுளித்திருக்கலாம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சாம்பல் நிறச் சுவருக்கு ஒருநாள் உயிர் வந்தபோது' – வேண்டாம். சுவருக்கு உயிர் கொடுப்பது மடிப்புத்தாள்காரர்களின் வேலை.

மறுபடியும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண். அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் அக்கா. பள்ளிக்கூடம் விட்டு வந்த அவளுடைய மகளை, கேட் அருகே, ரிவர்ஸில் வந்த வேன் இடித்துக் கொன்றது. [கொன்றது வேனாம்! இந்த இடத்தில் அவள் என் கையைத் தட்டிவிட்டாள். சரி: ஓட்டியவர் கொன்றார்.] ஓட்டியவர் மேல்வீட்டு வேன்காரர். வழக்கு நடந்து, விபத்து என்று முடிந்தது. இன்றும் அதே வேனை அதே கேட் வழியாகத்தான் எடுக்கிறார். அவள் அவருக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

(வேன்காரரை முதலில் குடிகாரராக எழுதினேன். கதை வழுக்கிக்கொண்டு ஓடியது. அடித்துவிட்டேன். அவர் குடிக்காதவர், நாலு பேருக்கு ஓடி உதவுகிறவர். அவளுடைய கோபத்துக்குத் துணைக்கு ஆள் சேராததற்கு அதுதான் காரணம்.)

3

கேட்டை ஒட்டிய சுவரில் முகங்கள் வரையக் கலைஞர்கள் வந்தார்கள். ஓவியம் வரைகிற ஒரு பெண், ஒரு நடனக்காரர், ஒலிப்பதிவு செய்கிற ஒருவர். (களிமண்ணில் வேலை செய்பவர் ஒருவரும் இருந்தார். கதையில் அவருக்கு வேலை இல்லை, அனுப்பிவிட்டேன்.) நல்ல பிள்ளைகள்தான். எல்லோர் வீட்டிலும் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

அவர்களுக்கு ஒரு முறை இருந்தது. படிக்கட்டின் கீழே ஓர் அட்டைப்பெட்டி. பிடித்த முகத்தின் புகைப்படத்தை அதில் போடலாம். பெயர் எழுதக் கூடாது. யார் என்று அவர்களும் கேட்கமாட்டார்கள். கேட்டால் ஒருவர் பெரியவர், ஒருவர் சிறியவர் என்று ஆகிவிடுமாம். ஒருவர் நெற்றி, இன்னொருவர் மூக்கு என்று சேர்த்து ஒரே முகமாக வரையப்போவதை மட்டும் திறப்பு நாள் வரை மூச்சுவிடவில்லை. ஆச்சரியப்படுத்த வேண்டுமல்லவா?

அவள் பல நாள் யோசித்து மகளின் படத்தைப் போட்டாள். காரணம் அன்பு என்று எழுதினேன், பொய்யாகப் பட்டது. வேன்காரர் தினமும் வண்டியை எடுக்கும்போது அந்த முகத்தைப் பார்த்தே தீரவேண்டும், அதற்காகத்தான் போட்டாள். அன்பும் அதற்குள்ளேயே இருந்தது.

வேன்காரரும் போட்டார், மனைவியின் நச்சரிப்பு தாங்காமல். கீழுதட்டில் தையல் தழும்போடு அவருடைய சொந்தப் படம்.

4

திறப்பு நாளன்று துணியை இழுத்தார்கள். பலமான கைதட்டல். பிறகு ஒவ்வொரு கையாக நின்றது.

மேலே மகளின் கண்கள். அந்தக் கண்கள் [இங்கே வர்ணனை இருந்தது. எடுத்துவிட்டேன்.] அவற்றுக்குக் கீழே, தழும்பு சகிதம், வேன்காரரின் வாய்.

5

கூட்டம் போட்டார்கள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"என் பொண்ணு கண்ணை எடுத்துடுங்க."

நடந்ததை அப்போதுதான் கேட்ட ஓவியப் பெண்ணுக்கு முகம் வெளுத்தது. அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் நடனக்காரர் கண் கலங்க எழுந்தார்.

"அம்மா, யாரும் திட்டம் போடல. தானா அமைஞ்சிருக்கு. இந்தச் சுவர் உங்களை மன்னிக்கச் சொல்லுது."

"சுவர் ஒண்ணும் சொல்லல, தம்பி. நீ சொல்ற."

ஒலிப்பதிவுக்காரர் மெதுவாகக் கருவியை இயக்கினார். வேன்காரர் தரையைப் பார்த்தபடி, "என் வாயை வேணா அழிச்சிடுங்க," என்றார்.

"அப்புறம் முகமே இருக்காதே, அண்ணே," என்றாள் ஓவியப் பெண். "ஒருத்தருக்காக மாத்தறதில்லைன்னு ஆரம்பத்துலயே பேசியிருக்கோம். எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணட்டும். எடுத்துடலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

குழந்தையின் அம்மா தூக்கினாள். வேன்காரர் பாதி தூக்கி, மனைவியைப் பார்த்துவிட்டு இறக்கினார்.

"விடுங்கக்கா," என்றாள் எதிர்வீட்டு டீச்சர். "பாப்பா கண்ணு எவ்ளோ அழகா வந்திருக்கு."

அக்கா எழுந்து போனாள். கலைஞர்கள் சுவரில் ஒரு பலகை அடித்தார்கள்: 'மன்னிப்பு'. அவள் கொடுக்காததை அவள் பெயரில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

6

முடிவுகள்.

அவள் வெள்ளைப் பெயின்ட் வாங்கி வந்து அழிக்கிறாள். படிக்க ஜோராக இருக்கும். ஆனால் அழிக்க வேண்டியது மகளின் கண்களை. தூரிகையை அங்கே வைக்க அவளுக்குக் கை வரவில்லை.

வேன்காரர் தன் வாயைத் தானே சுரண்டி எடுக்கிறார். அதற்கப்புறம் எல்லோரும் அவரைத்தான் கொண்டாடுவார்கள். அவள் சம்மதிக்கவில்லை. அவளை மீறி எழுத எனக்கும் மனமில்லை.

மழை. சோம்பேறி எழுத்தாளனின் முடிவு. போதாததற்கு, எந்த மழைக்கும் போகாத பெயின்ட் அது.

ஆக, அவள் இப்போது பின்பக்கமாக, குப்பைத் தொட்டிகள் நிற்கும் சந்து வழியாக வேலைக்குப் போகிறாள். வேன் கேட் வழியாகப் போகிறது.

7

முடிவை உங்களிடமே விடுவதாகச் சொல்லி நழுவ நினைத்தேன். அதற்கு முன் ஒரு சின்ன விஷயம்.

அந்தக் குழந்தையின் கண்கள் எப்படி இருந்தன என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஆனாலும் உங்களுக்கு இரண்டு கண்கள் தெரிந்தன. உங்களுக்குப் பழக்கமான ஏதோ ஒரு குழந்தையின் கண்களாகத்தான் இருக்கும். அவற்றை அந்தத் தழும்பு வாய்க்கு மேல் பொருத்தித்தான் இவ்வளவு தூரம் படித்தீர்கள்.

இப்போது அந்தக் குழந்தையின் அம்மா உங்கள் எதிரே வந்து உட்கார்ந்து, எடுத்துவிடச் சொல்கிறாள்.

எடுத்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் கை தூக்குங்கள்.