வாசலில் தேசிய அணி

உலகக் கிண்ணக் கிளித்தட்டுப் போட்டியை மொன்றியலில் நடத்தும் உரிமை கிடைத்த அன்றைக்கே கனடாக் கிளித்தட்டுச் சம்மேளனத்துக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது. அதுவரை சம்மேளனம் என்றால் தலைவர் ஞானேந்திரன், பெண்கள் அணியின் பயிற்றுநர் சிவமலர், டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரில் ஒரு வீட்டின் பேஸ்மன்ட், அவ்வளவுதான். ஞானேந்திரன் முழங்காலில் நின்று தரையில் ஆட்டக் கோடுகளுக்கு நாடா ஒட்டுவார். சிவமலர் மறுமுனையைப் பிடிப்பாள்.

இப்போது அவருக்குப் புது கோட் சூட், ஓர் ஆலோசகர், கழுத்தில் தொங்க ஓர் அட்டை. ஊடகப் பிரிவாம், விருந்தினர் பிரிவாம், பிரிவுகளை ஒருங்கிணைக்க இன்னொரு பிரிவாம். விளையாட்டுக்கு மட்டும் பிரிவு கிடையாது. கோட்-டெ-நெய்ஜ் மண்டபத்தில் பெண்கள் பயிற்சி செய்த சனிக்கிழமைகளை மேடை அலங்காரக் கூட்டங்கள் விழுங்கின. சிவமலர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். கனடாவிலேயே உலகக் கிண்ணம் நடக்கிறது, தன் அணிப் பிள்ளைகள் அதில் ஆடினால் போதும் என்றிருந்தாள்.

கடைசிக் கூட்டத்தில் அதுவும் போயிற்று.

“பொம்பிளையளின்ர போட்டியை இந்த முறை விடுவம், சிவமலர். பேச்சுக்களுக்கே நேரம் காணாது,” என்றார் ஞானேந்திரன். “உம்மட பிள்ளையள் சீலை கட்டிக்கொண்டு வாசலில நிக்கட்டும். பன்னீர் தெளிக்க வடிவான ஆக்கள் வேணும்தானே.”

“அண்ணை, அது தேசிய அணி.”

“ஓம், அதாலதான் கேக்கிறன். தேசிய அணியே வரவேற்றால் எவ்வளவு கௌரவம்!”

மனுசனுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. அவரோடு கதைத்து வாய் நொந்ததுதான் மிச்சம். பிள்ளைகளிடம் போய்ச் சொன்னபோது சிவமலர் அழுதுவிட்டாள். அணித் தலைவி பிரஷாந்தினி கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“சரி அன்ரி, வாசலில நிக்கிறம்,” என்றாள்.

தொடக்க நாளன்று மேளதாளத்தோடு ஊர்வலம் வந்தது. ஒஸ்லோவிலிருந்து வந்திறங்கிய உலகச் சம்மேளனத் தலைவரும் ஞானேந்திரனும் முன்னால் வந்தார்கள். உலகத் தலைவர் வேறு யாருமில்லை, ஞானேந்திரனின் மச்சான்தான்.

அவர்கள் நெருங்கியதும் பெண்கள் பன்னீர்ச்செம்புகளைக் கீழே வைத்தார்கள். வாசலிலிருந்து நடைவழி முழுவதும் வரிசை வரிசையாகக் கை விரித்து நின்றார்கள். கிளித்தட்டில் கோட்டில் நின்று மறிப்பது அப்படித்தான். கை படாமல் தாண்டவேண்டும். பட்டால் ஆள் வெளியே.

மேளம் நின்றது. “என்ன விளையாட்டு இது?” என்று ஞானேந்திரன் சீறினார்.

“உங்கட விளையாட்டுத்தான், மாமா,” என்றாள் பிரஷாந்தினி. “மறந்துபோனியளோ?”

அத்தனை பேர் முன்னால் அவருக்கு ரோசம் வந்துவிட்டது. இடப்பக்கம் பாய்வதுபோலக் காட்டி வலப்பக்கம் ஓடினார். தொப்பை ஒத்துழைக்கவில்லை. முதல் வரிசையிலேயே பிரஷாந்தினியின் கை அவர் முதுகில் விழுந்தது.

“அவுட்.”

கூட்டம் கைதட்டியது. மச்சானும் கைதட்டினார். ஞானேந்திரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; ஆனால் பழகிய கால்கள் அவரைத் திருப்பிக் கொண்டுபோய் வெளியே பனியில் நிறுத்தின. அந்த மனுசனுக்குள் இன்னும் ஓர் ஆட்டக்காரன் மிச்சமிருப்பதைப் பார்த்துச் சிவமலருக்குச் சிரிப்பு வந்தது. இரக்கம் வரவில்லை.

“முதல் ஆட்டம் எங்கட பிள்ளையளின்ர,” என்று உலகத் தலைவரிடம் சொன்னாள். “எந்த ஆம்பிளையள் அணியெண்டாலும் எதிர வரட்டும். சம்மதமெண்டால் உள்ள விடுறம்.”

அவர் வெளியே நின்ற மச்சானை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையாட்டினார். சிவமலர் அவரையும் ஊர்வலத்தையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள்.