வெண்டெல் கேட்ட லீவர் துப்பாக்கி

மான் வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முந்தைய வாரம் நான் வேலை பார்க்கும் துப்பாக்கிக் கடையில் நிற்க இடம் இருக்காது. ஆனால் அன்று காலையிலிருந்தே மழை. ஓர்வில் மட்டும் வந்து காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை. வருகிறவர்களிடம் வாயாடுவதற்கென்றே வருகிற மனிதர்.

கதவைத் திறந்துகொண்டு என் கணவன் வெண்டெல் உள்ளே வந்தான். மாதக்கணக்காக வீட்டு வாசலைத் தாண்டாதவன். துப்பாக்கிகளுக்கான மேசையில் நான் நின்றிருந்தேன். நேராக என் முன்னால் வந்து, யாரோ வாடிக்கையாளன் மாதிரி கேட்டான்.

"மான் வேட்டைக்கு லீவர் துப்பாக்கி ஒண்ணு வேணும். கைத்துப்பாக்கித் தோட்டா போடுற ரகம்."

எனக்குக் கை கால் ஓடவில்லை என்று எழுதினால் பொய். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மார்ச் மாதத்திலிருந்தே எனக்கு ஒன்றும் ஆவதில்லை. பனியில் வண்டி சறுக்கி எங்கள் மகன் டெரெக் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரிதான் இருக்கிறேன். தொட்டால் தொடுவது தெரியும், அவ்வளவுதான். ஆனால் புத்தி வேலை செய்தது. விற்காதே என்றது.

ஏப்ரலில் எங்கள் வீட்டுத் துப்பாக்கிகளையெல்லாம் என் தம்பி மெர்ல் தன் வீட்டு இரும்புப் பெட்டிக்குக் கொண்டு போய்விட்டான். எங்கள் பக்கத்தில் அதற்கென்று ஒரு பெயர் கிடையாது. சாவு விழுந்த வீட்டுக்கு யாராவது வருவார்கள், கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும் என்பார்கள், எடுத்துக்கொண்டு போவார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. மெர்லைக் கூப்பிட்டது நான்தான். வெண்டெல் சாப்பிடாமல், பேசாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தன்னை ஏதாவது செய்துகொள்வானோ என்று பயந்தேன். பெட்டியின் இன்னொரு சாவி என்னிடம் இருக்கட்டுமே என்றதற்கு மெர்ல், "எங்கிட்டயே இருக்கட்டும்க்கா" என்று முடித்துவிட்டான். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான், ஒரு பொம்மையைக்கூட நம்பிக் கொடுக்க மாட்டான்.

சந்தேகம் வந்தால் விற்காதே, காரணமும் சொல்லத் தேவையில்லை என்பது எங்கள் முதலாளி போட்ட விதி. வேட்டைக்கு வாங்குகிறவனை எனக்கு நன்றாகத் தெரியும். எடை, குறி பார்க்கிற அமைப்பு, குழல் நீளம் என்று கேட்டே உயிரை வாங்குவான். எதுவானாலும் சரி என்று சொல்கிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதனால் கேட்டுப் பார்த்தேன்.

"எந்தத் தோட்டா? முந்நூத்தம்பத்தேழா, நாப்பத்துநாலா?" என்றேன். எண் சின்னதானாலும் நாற்பத்துநாலுதான் பெரிய தோட்டா.

ஓர்வில் சும்மா இருப்பாரா. "முந்நூத்தம்பத்தேழுக்கு அணிலுதாம்மா விழும். மான் என்னடா கொசுவான்னு திரும்பிப் பாக்கும்."

"நீங்க கடைசியா மான் அடிச்சது எப்போ, ஓர்வில்?"

"போன வருஷம் ஒண்ணு வந்து எம்மேல மோதிச்சே, வண்டி பம்பரே போச்சு. அது கணக்குல வராதா?"

வண்டி என்று சொன்ன பிறகுதான் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து, கோப்பையைக் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போனார். நல்ல மனிதர்தான், வாய்தான் முந்திக்கொள்ளும்.

"முந்நூத்தம்பத்தேழு" என்றான் வெண்டெல். "நம்ம காட்டுல நூறு கஜம் தாண்டினா மரந்தான் தெரியும். அந்தத் தூரத்துக்கு இது போதும். நாப்பத்துநாலு தோள்ல இடிக்கும்."

"உனக்கு எப்போலருந்து இடி வலிக்குது?"

அவன் சுவரில் மாட்டியிருந்தவற்றைப் பார்த்தான். "எடை கம்மியா இருக்கணும். குழல் குட்டையா இருந்தா நல்லது, மரத்துப் பரண்ல திருப்பச் சௌகரியம்."

"குறி?"

"கண்ணுக்குப் பக்கத்துல வட்டம் வச்ச குறி. கண்ணாடி போட்டவங்களுக்கு அதுதான் லேசு."

ஒவ்வொன்றும் சரியான பதில். ஆனால் ஒன்றுகூட வெண்டெலின் பதில் இல்லை. நாற்பத்துநாலை அவன் முகம் சுளிக்காமல் சுட்டவன். கண்ணாடி போட்டதே இல்லை. கேள்விக்கு மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறான், என்னை ஏமாற்றப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினேன். அதற்கும் கோபம் வரவில்லை. மழை பெய்கிறது என்று தெரிந்த மாதிரி அது தெரிந்தது.

"உனக்கு நான் விக்க மாட்டேன், வெண்டெல்."

"தெரியும். எடுத்துக் காட்டவாவது செய்."

சுவரிலிருந்து ஒன்றை எடுத்தேன். விசையைச் சுற்றியிருக்கும் லீவரைக் கீழே தள்ளித் திறந்து, உள்ளே காலி என்று காட்டினேன். அவனும் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டான். தோளில் வைத்துப் பார்க்கவில்லை, என் பக்கமே திருப்பித் தந்தான்.

"பின்கட்டைய முழங்கை மடிப்புல வை."

வருகிறவர்களிடம் தினமும் நான் சொல்வதுதான். யோசிக்காமல் வைத்தேன். தோளில் அணைக்கும் மரப் பின்கட்டை முழங்கை மடிப்பில் பதிந்தால் விரல் விசையில் உட்கார வேண்டும். என் விரல் எட்டவில்லை.

"ஒரு விரக்கடை நீளம் ஜாஸ்தி" என்றான்.

"இது யாருக்கு, வெண்டெல்?"

"உனக்கு. பரண்ல ரெண்டு பேரு உக்காரலாம். டெரெக் இல்லாம தனியா போய் அதுல உக்கார என்னால ஆகாது. உன்ன வீட்ல தனியா விட்டுட்டுப் போகவும் ஆகாது."

"என்னை விட்டுட்டுப் போனா என்ன?"

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பாலத்து மேல வண்டிய நிறுத்திட்டு எறங்கி நிக்கிறியாமே. ஒரு தடவை இல்லையாம். மெர்ல் பாத்திருக்கான். நீயே துப்பாக்கியெல்லாம் எடுத்துட்டுப் போன்னு அவனைக் கூப்பிட்டப்ப, அப்பாடா, இவளுக்கே தோணிச்சேன்னு நெனைச்சேன்."

பாலத்தில் நின்றது உண்மைதான். வீட்டுக்குப் போகும் வழியில் கால் தானாகப் பிரேக்கை மிதிக்கும். இறங்கி நின்று தண்ணீரைப் பார்ப்பேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அங்கே நிற்கும்போது எனக்குப் பயமாகவே இருந்ததில்லை. இப்போது, விளக்குகள் எரிகிற கடைக்குள், அதை நினைத்துப் பயந்தேன். மெர்ல் ஏன் எனக்குச் சாவி தரவில்லை என்றும் புரிந்தது.

"நான் அவனைக் கூப்பிட்டது உனக்காக."

"தெரியாது எனக்கு" என்றான். "கூப்பிட்டது நல்லதாப் போச்சு. சில நாள் எனக்கும் அது தேவைப்பட்டுச்சு."

ஏழெட்டு மாதம் ஒரே கூரைக்குக் கீழே, ஒருவர் தூங்கிவிட்டாரா என்று மற்றவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறோம். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். எங்கள் இருவருக்கும் நெஞ்சழுத்தம் அதிகம்.

"இது நம்ம வீட்டுக்கு வரக் கூடாது" என்றேன். "மெர்ல் பெட்டிலதான் இருக்கணும். வேட்டைக்குப் போற அன்னிக்கு அவனே கொண்டு வரட்டும்."

"சரி. அவனும் வரட்டும். எப்பப் பாத்தாலும் நம்மள வேவு பாக்குறான், பரணுக்குக் கீழ உக்காந்தே பாக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அது சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது.

"கட்டைய மட்டும் கழட்டிக் குடு. உன் அளவுக்கு அறுத்துக் கொண்டாறேன்."

அவனுடைய மரவேலைக் கொட்டகையை மார்ச்சுக்குப் பிறகு திறக்கவே இல்லை. ரம்பம் எங்கே இருக்கிறது என்றாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. திருகாணியைக் கழற்றினேன். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, என் முழங்கையை இன்னொரு முறை மடக்கச் சொல்லி, கட்டையில் ஒரு கோடு போட்டான். அவன் கை சூடாக இருந்தது.

கட்டையை மேல்சட்டைக்குள் அணைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். ஓர்வில் பின்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். கோப்பையை அவ்வளவு நேரமாகக் கழுவியிருக்கிறார்.

"என்னம்மா இது, துப்பாக்கி வாங்க வந்த மனுஷன் வெறும் கட்டையத் தூக்கிட்டுப் போறான்? மிச்சம் யாருக்கு?"

"எனக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் கண்ணாடி நனைந்திருப்பது தெரிந்தது. அதைக் கழற்றி மேசையில் வைத்தேன். ஓர்வில் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, என் பக்கத்தில் நின்றுகொண்டார்.