படத்தில் விழாத தோள்

1972 மார்ச் ஏழாம் தேதி காலை பத்தேகாலுக்கு, இலங்கையின் கஹவத்தை பஸாரில், இந்தியா போகும் மனுவுக்காக ஸ்டூடியோக்காரர் நுஹ்மான் எடுத்த குடும்பப் படத்தில் இராஜகுமாரி விழவில்லை. அப்பா இராமையா, அம்மா மீனாம்பாள், தம்பிகள் இருவர் தெளிவாக இருந்தார்கள். பத்தொன்பது வயதுப் பெண் நின்ற இடத்தில் பின்திரையின் தாமரைக்குளம் தெரிந்தது. மீனாம்பாளின் இடது கை தோள் உயரத்தில் வெறும் காற்றைப் பிடித்திருந்தது. சுண்டுவிரலில் ரப்பர் பால்வெட்டுக் கத்தி பட்ட வடுகூடத் தெரிந்தது. நுஹ்மான் மூன்று முறை எடுத்தார். மூன்றிலும் குளம்தான்.

"கெமராவுல பிழை இல்ல, இராமையா அண்ணே. புள்ளக்கிப் போக விருப்பமில்ல போல."

அது தோட்டம் முழுவதும் தெரிந்த விஷயம். இந்தியாவுக்குப் போகும் மனுவில் இராமையா அவளைக் கேட்காமலே அவள் பெயரையும் எழுதியிருந்தார். அவளோ ஸபியாவின் தையல் கடையில் வேலை பிடித்து, தங்குவதற்குக் கடையின் பின்னறைச் சாவியையும் வாங்கி இடுப்பில் செருகியிருந்தாள். இங்கேயே பிரஜையாவதற்குத் தனி மனுவும் போட்டிருந்தாள்.

"அந்த ஊருல தையல் மெசினே இல்லையாக்கும்?" என்றாள் மீனாம்பாள்.

"இருக்கும்மா. சாவிதான் அப்பாகிட்ட இருக்கும்."

மீனாம்பாள் சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள்.

படத்தில் இல்லாதவளைக் கப்பலேற்ற வழியில்லை என்று மனு வாங்கும் கந்தோரில் அதிகாரிகள் அவள் பெயரை வெட்டினார்கள். படத்துக்காக உயர்ந்த மீனாம்பாளின் கை மட்டும் அதன்பின் இறங்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் நகர்ந்தபோது, விடைகொடுக்கிறாள் என்று நினைத்துக் கரையில் நின்றவர்கள் கையசைத்தார்கள். இராஜகுமாரி அங்கே போயிருக்கவில்லை. அன்று அவளுக்குப் பதினொரு பாவாடை தைக்க வேண்டியிருந்தது.

கோத்தகிரியிலிருந்து இராமையாவின் கடிதங்கள் வந்தன. மழை, தேயிலை, தம்பிகளின் பள்ளிக்கூடம், கடைசி வரியில் எப்போதும் அந்தக் கை. "ஒங்கம்மா ஒரு கையாலதான் கொழுந்து பறிக்கிறா. மத்தது நீ நின்ன ஒசரத்துலயே நிக்குது." உயர்த்திய கையோடு போட்டுக்கொள்ளும்படி இடது தோளைப் பிரித்து வெட்டி, ஆண்டுக்கு இரண்டு ரவிக்கை தைத்து அனுப்பினாள் இராஜகுமாரி. போய்ப் பார்த்துத் திரும்பிவரப் பாஸ்போர்ட் வேண்டும். அதற்குப் பிரஜாவுரிமை வேண்டும். அது பத்து ஆண்டுகள் வரவில்லை.

1982இல் ஒரே தபாலில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்றில் அவள் பிரஜை. மற்றது இராமையாவுடையது. "ஒங்கம்மா கை எறங்கிருச்சு. எறங்கின அன்னிக்கே அவளும் போயிட்டா."

மறுநாள் அவள் கடையைத் திறந்தாள். அதற்கு அடுத்த நாள் நுஹ்மானிடம் போய்ப் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டாள். இம்முறை முழுதாக விழுந்திருந்தாள். நுஹ்மான் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, சுண்டுவிரலின் வடுவைப் பார்த்தார். இன்னொரு முறை எடுப்போமா என்று கேட்கவில்லை. ஆறு பிரதிகளைக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

கொழும்புப் பாஸ்போர்ட் கந்தோரின் கிளார்க் படிவத்தைச் சரிபார்த்தார். பெயர் சரி, பிறந்த தேதி சரி. படத்தை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார்.

"தனி ஆள் படம்தானே கேட்டது, மிஸ். தோள்ல இருக்கிறது யாருட கை?"